சூலைக்குக் கைம்மாறு: சேதுக் கரையில் துன்பமும் நன்றியும்

சேது நாட்டுக் கடற்கரையின் திருத்தலங்களுள் பல ஏதோ ஒரு துயரத்தின் பெயரால் நிலைபெற்றவை. இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களில் நீராடுவோரின் நம்பிக்கைக்கு வேர், போரில் விளைந்த கொலைப் பழி தீர இராமன் இலிங்கம் அமைத்து வழிபட்டான் என்ற கதை. திருப்புல்லாணியில் அதே இராமன் மனைவியைப் பிரிந்து, கடலும் வழிவிடாத நிலையில் தர்ப்பைப் புல்லின்மேல் கிடந்தான். ஏர்வாடியில் அடங்கியிருக்கும் சுல்தான் சையிது இபுராகீம் ஷஹீது, மகனையும் போரில் பறிகொடுத்துத் தாமும் உயிர்நீத்தவர் என்பது மரபு வழிச் செய்தி. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று கிறித்தவக் குரு அருளானந்தர் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த ஊர்களுக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் துன்பத்தோடுதான் வருகிறார்கள். பலர் நேர்த்திக்கடனைச் செலுத்தி நன்றியோடு திரும்புகிறார்கள். துன்பத்துக்குள் அருள் இருக்க முடியும் என்பதில் இக்கரையின் சமயங்களுக்குள் வேறுபாடு இல்லை. அந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்பதே கடினமான கேள்வி. மரபுகளின் சிறந்த சான்றுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் புலப்படுகிறது. துன்பத்துக்கு நன்றி சொல்லும் உரிமை அதைப் பட்டவருக்கே உண்டு. அருகில் நிற்பவருக்கு உள்ளது துடைக்கும் கடமை. இந்த அளவுகோல் மறக்கப்பட்டபோது இதே கரையில் உயிர்கள் போயிருக்கின்றன.

சைவத்தில் இதற்கு முதன்மைச் சான்று இராமேசுவரத்தைப் பாடிய திருநாவுக்கரசர் என்னும் அப்பர். சமண மடத்தில் தருமசேனராக இருந்த அவரைச் சூலை நோய் பற்றியது. அங்கே செய்த மருத்துவம் பலிக்கவில்லை. தமக்கை திலகவதியாரிடம் திரும்பி, திருநீறு பெற்று, திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகம் முழுவதும் வலியின் முறையீடு. ‘இந்த நோயைத் தந்தாயே, வாழ்க’ என்று அவர் தொடங்கவில்லை. தாங்க முடியவில்லை, விலக்கு என்றே கேட்டார். நோய் தீர்ந்தது. அதன் பிறகே, தம்மை இறைவனிடம் கொண்டுவந்து சேர்த்த அந்தச் சூலைக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று அவர் நெகிழ்ந்து தொழுததாகச் சேக்கிழார் பாடுகிறார். உலகப் பக்தி இலக்கியத்தில் நோய்க்கே நன்றி சொல்லும் இடங்களுள் இது தலையாயது என்று நான் நினைக்கிறேன். ஆனால் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: வலி, முறையீடு, நிவாரணம், பிறகு நன்றி. இதைவிட முக்கியமானது, அந்த நன்றியை அவர் பிறரிடம் கேட்டுப் பெறவில்லை என்பது. திங்களூரில் அப்பூதியடிகளின் மகன் பாம்பு தீண்டி இறந்தபோது, ‘இதுவும் அருள்தான், பொறுத்துக்கொள்ளும்’ என்று அப்பர் தந்தைக்கு உபதேசிக்கவில்லை. பிள்ளையை மீட்டுத் தரும்படி பாடினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அவரும் சம்பந்தரும் படிக்காசு பெற்று அடியார்களுக்குச் சோறிட்டார்கள். சூலையை வாழ்த்திய அதே மனிதர் பசியை வாழ்த்தியதாக ஒரு வரிகூடப் பெரியபுராணத்தில் இல்லை.

இந்த உணர்வுக்குச் சாத்திர வடிவம் தந்தது சைவ சித்தாந்தம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் இரண்டாம் சூத்திரத்தில், பெற்றோர் சொல் கேளாத பிள்ளையை அடித்துத் திருத்துவதும் பரிவே என்று காட்டி, இறைவன் தரும் துன்பத்தையும் கருணையாகக் கொள்கிறார். அறக்கருணை, மறக்கருணை என்று உரையாளர்கள் பிரித்துப் பேசுவது இதைத்தான். பிரம்பை நியாயப்படுத்தும் கோட்பாடு என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. அவர்கள் அஞ்சுவதில் பொருளும் உண்டு. ஆனால் சித்தியாரில் அந்தப் பிரம்பு இறைவன் கையில் மட்டுமே இருக்கிறது. மனிதர் செய்ய வேண்டிய அறங்களை அதே சூத்திரம் அடுக்கும்போது அன்பும் அருளும் முன்வரிசையில் நிற்கின்றன. இறைவன் ஒறுக்கிறான் என்பதால் நானும் ஒறுப்பேன் என்பதற்கு அங்கே இடமில்லை. இனி, இராமநாதபுரத்துக்கு அருகே உத்தரகோசமங்கையில் மணிவாசகர் அருளியதாகச் சொல்லப்படும் நீத்தல் விண்ணப்பத்தின் 50 பாடல்களும் ‘என்னைக் கைவிட்டுவிடாதே’ என்ற ஒரே மன்றாட்டு. ஏச்சும் ஊடலும் கலந்த அந்த மன்றாட்டு திருவாசகத்தில் இடம்பெற்றதே, முறையீட்டை இம்மரபு நம்பிக்கையின் குறைவாக எண்ணவில்லை என்பதற்குச் சான்று. இராமநாதபுரத்தில் சமாதி கொண்ட தாயுமானவரிடம் இந்தப் பாதை இன்னும் அகன்று, எல்லா உயிரின் நலத்தையும் வேண்டும் நினைவாகப் பராபரக்கண்ணியில் முடிகிறது.

வைணவம் இந்தக் கரையைச் சரணாகதியின் களமாகப் பார்க்கிறது. அண்ணனால் அவமதிக்கப்பட்டு, நாடும் உறவும் துறந்து வந்த வீடணன் இங்கேதான் அடைக்கலம் பெற்றான். திருமங்கையாழ்வார் திருப்புல்லாணியைப் பாடியபோதும் பிரிவால் வாடும் தலைவியின் குரலையே எடுத்துக்கொண்டார். வீடணன் நிகழ்ச்சியை மையமாக்கி வேதாந்த தேசிகர் அபயப்ரதான சாரம் என்ற தனி நூலே எழுதினார். அருளுக்கு மனிதன் பக்கம் ஒரு சிறு முகாந்தரமாவது வேண்டும் என்பது வடகலையார் வழி. பிள்ளை லோகாசாரியாரைப் பின்பற்றும் தென்கலையார், அருள் காரணமின்றியே வருவது என்பார்கள். இந்தப் பழைய வழக்கு நம் பொருளுக்கு நேரடியாக உதவுகிறது. அருள் காரணமற்றது என்றால், துன்பம் அதற்குக் கொடுக்கும் விலையாக இருக்க முடியாது. இவ்வளவு பட்டால் இவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கே குலைகிறது. தேசிகர் வழியிலும் துன்பம் தருவது ‘என்னால் ஆவதொன்றில்லை’ என்ற தெளிவை மட்டுமே. அந்தத் தெளிவு ஒருவருக்கு உள்ளிருந்து வர வேண்டும், வெளியிலிருந்து ஏற்ற முடியாது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது இந்த இருவரும் செய்ததாகக் குருபரம்பரை வரலாறுகள் சொல்வது இக்கொள்கைகளைவிட வலிமையானது. லோகாசாரியார் தள்ளாத முதுமையில் நம்பெருமாளைத் தெற்கே கொண்டுசென்று வழியிலேயே பரமபதம் அடைந்தார். தேசிகர் பிணங்களுக்கிடையே கிடந்து, சுருதப்பிரகாசிகைச் சுவடியையும் அதை இயற்றியவரின் இரு பிள்ளைகளையும் காத்தார். கலைகள் இரண்டாக நின்று வாதிட்டாலும், பேரிடரில் பிறருடைய பொருளையும் பிறருடைய பிள்ளையையும் சுமப்பதில் இரண்டும் ஒன்றாயின.

கீழக்கரையும் ஏர்வாடியும் தொண்டியும் சார்ந்த இசுலாமிய மரபில் சபூர், ஷுக்ர் என்ற பொறுமையும் நன்றியும் இணை பிரியாதவை. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீன் பெருநூலில் இரண்டையும் ஒரே பகுதியில் வைத்து ஆராய்கிறார். சோதனையிலும் நன்றிக்கு இடம் உண்டு என்று நிறுவும் அவர், அதனாலேயே சோதனையைக் கேட்டு வாங்கக் கூடாது, நலவாழ்வையே இறைவனிடம் வேண்ட வேண்டும் என்றும் உறுதியாகச் சொல்கிறார். குர்ஆன் காட்டும் அய்யூப் நபி தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டவர். ஆயினும் பொறுமையாளர் என்றே போற்றப்பட்டவர். யஃகூப் நபி மகனை நினைத்து அழுது கண்ணொளியே இழந்தவர். அழுகையும் சபூரும் ஒன்றையொன்று விலக்கவில்லை. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து கீழக்கரையில் கல்வி கற்ற மஸ்தான் சாகிபு (1792–1838), தாயுமானவரின் கண்ணி யாப்பிலேயே இறைவனைத் தேடிப் பாடினார். பிரிவின் வலியை இரு சமயத்தாரும் ஒரே இசையில் கேட்டார்கள். அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் நினைவுகூரும் தந்தை ஜைனுலாப்தீனும், துன்பம் வந்தால் அது எதற்காக வந்தது என்று விளங்கிக்கொள்ள முயலும்படிதான் மகனுக்குச் சொன்னார். தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. இன்னொருவர் வீட்டு வாசலில் போய்க் கேட்பதற்கு உரியதாக அது சொல்லப்படவில்லை.

கிறித்தவ மரபுக்கு ஓரியூர் சான்று. 1647இல் லிசுபனில் பிறந்து மதுரை மிஷனுக்கு வந்த அருளானந்தர், 1686இல் ஒருமுறை கடும் சித்திரவதைக்கு ஆளாகியும் மீண்டும் மறவர் நாட்டுக்கே திரும்பினார். கொலைக்கு முந்தைய நாள் சிறையிலிருந்து உடன்பணியாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் தம் மரணத்தை அவர் மகிழ்ச்சியோடு எதிர்நோக்கினார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஓரியூரின் செம்மண்ணை மக்கள் அவருடைய குருதியாகவே எண்ணி எடுத்துச் செல்கிறார்கள். தம் உயிரைத் தாமே ஒப்புக்கொடுத்த அவருடைய மகிழ்ச்சியில் ஐயம் கொள்ள இடமில்லை. ஆயினும் அதே வரலாற்றில் இன்னொரு துன்பமும் இருக்கிறது. நோய் நீங்கி மனம் மாறிய மறவர் இளவரசர் தடியத் தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அந்தப் பெண்ணின் முறையீடே அருளானந்தரின் கைதுக்கு வழி வகுத்தது. புனிதரின் வரலாறுகள் அவரைப் பெரும்பாலும் பகையாகவே வரைகின்றன. தாம் செய்யாத ஒரு முடிவால் வாழ்விழந்த பெண்ணின் துயருக்கு அக்கதையில் பொருள் ஏதும் தரப்படவில்லை. துறவியின் துன்பத்தை மதிக்கத் தெரிந்த மரபு, அந்தப் பெண்ணின் துன்பத்தையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி மறுப்புகள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் அதில் இருந்தவர்களோடு கடலுக்குள் போனது. அந்தப் பெட்டிகளில் இருந்த குழந்தைகளுக்கு என்ன வினை, என்ன பாடம் என்று கேட்பவருக்கு எந்த மரபும் நேர்மையாக விடை தர முடியாது என்றே கருதுகிறேன். வினைக் கொள்கை ஒருவர் தம் வாழ்வைத் தாமே எண்ணிப் பார்க்கப் பயன்படுவது. இறந்தவர்மேல் தீர்ப்பெழுத அதை எடுத்தால் அது கொடுமையாகிறது. பிழைத்தவர்களின் நன்றியும் இங்கே சிக்கலாகிறது. ‘என்னைக் காத்தாய்’ என்றால் பக்கத்து வீட்டாரை ஏன் காக்கவில்லை? இதற்கு அக்னி தீர்த்தக் கரையின் சடங்கில் ஒரு நல்ல விடை இருக்கிறது. அங்கே தம் முன்னோருக்கு நீர் இறைப்பவர்கள், உறவு முறையில் வராத நண்பருக்கும் ஆசிரியருக்கும் பழகியவர்களுக்கும் காருண்ய பித்ருக்கள் என்று எண்ணி எள்ளும் நீரும் விடுகிறார்கள். பிழைத்திருத்தல் பெருமையாக நிற்காமல், இல்லாதவர்களுக்குச் செலுத்தும் கடனாகிறது.

இன்னொரு மறுப்பு: நன்றி பட்டவருக்கே உரியது என்றால் மரபு எதைத்தான் கற்பிக்கும்? அது கற்பித்த முறையே விடை. தேவாரமும் திருவாசகமும் மஸ்தான் சாகிபின் கண்ணிகளும் பெரும்பாலும் தன்மையில் பேசுகின்றன, ‘நான்’ என்கின்றன. ஓதுவார் பாடும்போது கேட்பவர் அந்த ‘நானை’ விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் கேட்டுவிட்டுப் போகலாம். உபதேசம் கட்டாயப்படுத்தும் இடத்தில் பாட்டு வழி திறந்து வைக்கிறது. கடலில் கணவனை இழந்த பாம்பன் பெண்ணிடம் ‘பொறுமை’ என்று ஒருவர் சொல்வதற்கும், அவளே ஒரு நாள் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்வதற்கும் இடையே உள்ள தூரத்தை இம்மரபின் புலவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்தத் தூரம் அழிந்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடி காட்டியது. தர்காவை நம்பி உறவினர் விட்டுச்சென்ற மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்தது. இது சமயத்தின் குற்றமா என்று கேட்டால், நம்பிக்கையோடு வந்தவர்கள்மேல் குற்றம் சுமத்த நான் துணியமாட்டேன். பல குடும்பங்களுக்கு வேறு போக்கிடமே இருக்கவில்லை. ஆனால் காத்திருத்தலும் பொறுத்தலும் அந்த நோயாளிகள் தாங்களாக ஏற்ற தவம் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுடைய சபூர், இரும்பு கொண்டு அவர்கள்மேல் பூட்டப்பட்டது. அதற்குப் பின் அங்கே அரசின் முயற்சியில் வந்த ‘தவா–துவா’ ஏற்பாடு, மருந்தையும் வேண்டுதலையும் அருகருகே வைக்கிறது: வருபவர் துவா ஓதவும் செய்யலாம், மனநல மருத்துவரைப் பார்த்து மருந்தும் பெறலாம். நோயை விரும்பாதே, நலத்தைக் கேள் என்று எழுதிய கஸ்ஸாலியைப் பாடம் படித்த கரைக்கு இது புதிய கொள்கை ஆகாது. அந்த மருத்துவர்கள் போதிய எண்ணிக்கையில், ஆண்டு முழுவதும் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர்கள், தர்காவுக்குச் சந்தனக்கூட்டு நாளில் போகிற நாம் எல்லோரும்.