ஏன் என்று கேளாத தகப்பன்

எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் விசுவாசத்துக்குச் சாட்சிகளாக வரிசைப்படுத்துகிற பெயர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய இல்லங்களில் பிள்ளைகள் எவ்விதம் வளர்ந்தார்கள் என்று பழைய ஏற்பாட்டைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு முதலில் உண்டாவது திகைப்பே. ஈசாக்கு வேட்டை இறைச்சியின் ருசிக்காக ஏசாவை நேசித்தான். யாக்கோபு ஒரு மகனுக்கு மட்டும் பலவருண அங்கி செய்வித்து, மற்றவர்களின் பகையைத் தேடிக்கொண்டான். யெப்தாவின் அவசரப் பொருத்தனைக்கு விலையானவள் அவனுடைய ஒரே மகள். ஏலியின் வீட்டுக்கு வரவிருந்த தண்டனையைச் சிறுவயதிலேயே தேவவாக்காகக் கேட்ட சாமுவேலின் புதல்வர்களோ பெயெர்செபாவில் பரிதானம் வாங்கினார்கள். இவற்றை மறைக்க வேதாகமம் முயலவில்லை, முயன்றவர்கள் உரையாசிரியர்களே.

ஆராய்ச்சியாளர் பலரும் தங்கி நின்ற இடம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன மோரியா மலை. 1843இல் வெளிவந்த ‘அச்சமும் நடுக்கமும்’ என்ற நூலில் கீர்க்கேகார்ட் அந்தப் பிரயாணத்தை நான்கு விதமாகக் கற்பனை செய்கிறார். அவற்றுள் ஒன்றில், பையன் தேவன்மேல் நம்பிக்கை இழப்பதைவிடத் தன்னை வெறுப்பதே மேல் என்றெண்ணி, ஆபிரகாம் விக்கிரகாராதனைக்காரனாக நடிக்கிறான். எரிக் அவுவர்பாக் 1946இல் வெளியிட்ட ‘மிமெசிஸ்’ நூலோ அம்மூன்று நாள் வழிநடையின் மௌனத்தை ஆராய்கிறது. இருவருடைய பார்வையும் தகப்பன் மீதே பதிகிறது. ஆனால் மலையிலிருந்து திரும்பியவனாக மூலநூல் பெயர் சொல்வது ஆபிரகாமை மட்டுமே. அதன்பின் அவனும் ஈசாக்கும் ஒரு வார்த்தையேனும் பேசிக்கொண்டதாக எழுதப்படவில்லை. அதற்கு முந்தைய அதிகாரத்திலேயே மூத்தவன் இஸ்மவேல், அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுக்கப்பட்டுத் தாயோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டாயிற்று.

எனினும் என் மனம் நிலைப்பது தாவீதிடம். சாமுவேலின் இரண்டாம் புஸ்தகத்துப் பிற்பகுதியையும் அதைத் தொடரும் ராஜாக்களின் முதலிரண்டு அதிகாரங்களையும், அரியணை யாருக்கு என்ற கேள்வியைச் சுற்றி அமைந்த ஒரே சரித்திரமாகப் படிக்கக் கற்பித்தவர் லியோன்ஹார்ட் ரோஸ்ட். அவருடைய ஆய்வு 1926இல் வந்தது. அரியணையைக் காட்டிலும் அதில் கனத்து நிற்பது ஒரு தகப்பனின் மௌனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த செய்தி கேட்டு ராஜா கடுங்கோபங்கொண்டான் என்பதோடு, வழக்கிலுள்ள எபிரெய மூலம் நின்றுவிடுகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ, அவன் தலைப்பிள்ளை என்னும் பாசத்தால் ராஜா அவன் மனத்தை நோகச்செய்யவில்லை என்று காரணமும் கூறுகிறது. 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட கும்ரான் நான்காம் குகையின் சுருளிலும் அவ்வாசகத்தின் எச்சம் உண்டு. விசாரணை இல்லை, தண்டனை இல்லை. இரண்டு வருஷம் காத்திருந்து, தாமாரின் உடன்பிறந்தவனான அப்சலோம் அம்னோனைக் கொல்வித்தான். மூன்று வருஷம் கேசூரில் இருந்தான். எருசலேமுக்கு வரவழைக்கப்பட்ட பின்னும் இரண்டு வருஷம் தகப்பனுடைய முகத்தைக் காணவில்லை. தன் மகளுக்குத் தாமார் என்று பெயரிட்டவன் அவன். அரண்மனையில் அப்பெயரை மறவாதிருந்தவன் அவன் ஒருவனே போலும்! கடைசியில், அப்சலோம் இறந்த செய்தி கேட்டு நகரவாசலின் மேல்வீட்டுக்கு ஏறிப்போகும் ராஜா ஒரே வசனத்துள் ஐந்து முறை மகனே என்று கதறுகிறான். அத்தனைக்குப் பிறகும், அடுத்த மகன் அதோனியாவை நோக்கி, ஏன் இப்படிச் செய்தாய் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை என ராஜாக்களின் முதல் அதிகாரம் குறித்து வைத்திருக்கிறது.

இவர்களை வெளுத்துக் காட்டும் உரைகள், விசுவாசத்தை நன்னடத்தைச் சான்றிதழாக எண்ணிவிட்டன. தேவனை நம்பினவன் பிள்ளையை வளர்க்கத் தெரியாதவனாகவும் இருந்தான் என்று சொல்ல மூலநூல் கூசவில்லை. ஆபிரகாம் 175 வயதில் மரித்தபோது அவனை மக்பேலா குகையில் அடக்கம்பண்ணினவர்கள் இருவர்: ஈசாக்கும் இஸ்மவேலும்.