செரண்டிப்பிட்டஸ்: ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருளும் பிறப்பும்

ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரண்டிப்பிட்டஸ்’ என்னும் பெயரடை, தேடாத நன்மையொன்று கைகூடுவதைக் குறிப்பதாகும். ‘தற்செயலான’ என்றே இதனைத் தமிழிற் பெயர்ப்போர் பலர். அப்பெயர்ப்பு சொல்லின் பாதியையே தருகின்றது என்பது, அதன் பிறப்பை நோக்குவார்க்குப் புலனாகும்.

‘சிம்ஹலத்வீபம்’ என்ற வடமொழிப் பெயரே அராபியர் வழக்கிற் ‘சரந்தீப்’ ஆயிற்று என்பர். சரந்தீப்பின் இளவரசர் மூவர் கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறிற்று. அமீர் குஸ்ரோவின் பாரசீகக் காவியம் அதற்கு மூலமாய் அமைந்தது. ஆங்கில எழுத்தாளர் ஹொறேஸ் வால்போல் 1754 ஜனவரி 28ஆந் திகதி ஹொறேஸ் மான் என்பாருக்கு எழுதிய கடிதத்தில், அக்கதையை அடியொற்றிச் ‘செரண்டிப்பிட்டி’ என்ற பெயர்ச்சொல்லை ஆக்கினார். பெயரடையோ இருபதாம் நூற்றாண்டிலேயே வழக்குப் பெற்றது.

வால்போல் கருதிய பொருளில் மூன்று கூறுகள் உள. தேடாமை ஒன்று, தற்செயல் மற்றொன்று, மதிநுட்பம் பிறிதொன்று. வழியில் ஒருபுறத்துப் புல் மாத்திரம் மேயப்பட்டிருத்தலைக் கண்ட இளவரசர், முன்சென்ற ஒட்டகத்துக்கு ஒரு கண் இல்லை என உய்த்துணர்கின்றனர். புல் கண்ணிற் பட்டது தற்செயல். ஒட்டகத்தின் குறையை அறிந்தது மதிநுட்பம். 1928இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டமையும் இத்தகையதே. வளர்ப்புத் தட்டிற் பூஞ்சணம் படிதல் எவர்க்கும் நேரக்கூடியது. அதனைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருத்தலின் பொருளை உணர்ந்தமையே கண்டுபிடிப்பாயிற்று.

தமிழ்ப் பழமொழிகளுள் இதற்கு நேரானது உண்டா? ‘காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது’ என்பதில் தற்செயல் உண்டு. அறிவுக்கு அங்கு வேலையில்லை. ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ என்பதில் தேடாதது கிடைக்கின்றது. ஆயின் கிடைத்தது கேடு. ‘தேடிய மூலிகை காலில் அகப்பட்டது’ என்பதிலோ நன்மை உண்டு. ஆயின் அது தேடப்பட்டது. எனவே ‘தேடாது தேர்ந்த’ என்னும் தொடர் ஓரளவு பொருந்தும். ‘தேர்தல்’ ஆராய்ந்தறிதலையும் உணர்த்துமாதலின் மதிநுட்பம் விடுபடாது.

முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று என்னும் ஊர்ப்பெயர் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அதன் பொருளை அறிய அகராதி வேண்டா; மண்ணின் இயல்பே அங்குப் பெயராயிற்று. சரந்தீப்போ பிறர் வாய்ப்பட்டு, மொழிகள் பல கடந்து, ஈற்றில் தீவையே மறந்த சொல்லாயிற்று. அத்தீவின் மொழிகளுள் ஒன்றான தமிழுக்கு அது மீளும்போது, அறிவை நீக்கி வெறும் வாய்ப்பாகக் குறுக்குதல் மொழிபெயர்ப்பாளர்க்குத் தகுவதன்று.