இரண்டு புகைப்படங்கள்

‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்ற குற்றப் படங்களை நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் தந்தது. இத்தகைய படங்களின் முடிவு நமக்குப் பழகியதே. துப்பறிவாளர் வெல்வார், காவலர் வருவர், குற்றவாளியின் கையில் விலங்கேறும், நாமும் நிம்மதியாக வீடு திரும்புவோம்.

‘சிட்டி ஆஃப் காட்’ (2002) என்ற பிரேசில் படம் அந்த நிம்மதியைத் தர மறுக்கிறது. பெர்னாண்டோ மெய்ரெல்லஸ், கத்தியா லுண்ட் இயக்கிய இப்படம் 2004-இல் நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. கதை நிகழும் குடியிருப்பிலேயே வளர்ந்த பவுலோ லின்ஸ் 1997-இல் வெளியிட்ட நாவலே இதற்கு மூலம். நடித்தோருள் பலர் குடிசைப்பகுதி இளைஞர்கள்.

‘கடவுளின் நகர்’ என்ற பெயரைக் கேட்டதும் புனித அகுஸ்தினாரின் பெருநூல் நம் நினைவுக்கு வருகிறது. அந்நூலில் மண்ணக நகரை முதன்முதல் நிறுவியவனாக அவர் சுட்டுவது, உடன்பிறந்தவனைக் கொன்ற காயினை. படத்தில் வரும் நகரையோ 1960-களில் அரசே கட்டியது. ரியோ டி ஜெனிரோவின் ஏழைகள் நகரத்தாரின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் குடியேற்றப்பட்டனர். வறுமை அகலவில்லை, பார்வையிலிருந்து மறைந்தது, அவ்வளவே. அங்கே சிறுவர் கைக்குத் துப்பாக்கி வருகிறது. துப்பாக்கிகளோடு கூடிநின்று ஒரு கும்பல் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லும் காட்சி நம்மை நிலைகுலையச் செய்கிறது.

படத்தில் குறையும் உண்டு. இசையும் படத்தொகுப்பும் விரைகிற விரைவில் கொலைகள் பல இடங்களில் விறுவிறுப்பாகிவிடுகின்றன. நேர்மையாக உழைக்கும் பேருந்து நடத்துநர் ஒருவர் வருகிறார். ஆயினும் ஆயுதம் ஏந்திய பிறகே அவர் கதையின் நடுவே வருகிறார். உழைத்து உண்ணும் பெரும்பான்மையோர் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

இக்குறையை ஈடுசெய்வது இறுதிப் பகுதி. காவலர் கும்பல் தலைவனைப் பிடிக்கின்றனர். பணம் பெற்று விடுவிக்கின்றனர். மறைந்திருக்கும் இளம் புகைப்படக்காரன் அதைப் படமெடுக்கிறான். சற்று நேரத்தில் சிறுவர்கள் அத்தலைவனைச் சுட்டுக் கொல்ல, அப்பிணத்தையும் படமெடுக்கிறான். அவன் செய்தித்தாளுக்குத் தருவது பிணத்தின் படம் மட்டுமே. மற்றதைத் தந்தால் உயிருக்கே ஆபத்து. அவன்மீது கல்லெறிய நமக்கு மனமில்லை. ஆனால் நாளேட்டை வாங்குவோர் விரும்புவதும் பிணத்தின் படத்தைத்தானே!

இது பிரேசிலுக்கு மட்டும் உரியதா? சென்னையின் குடிசைப்பகுதி மக்கள் 2000 முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டனர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர் வருந்துவது பலமுறை செய்தியாகியுள்ளது. குற்றச் செய்திகளையே கண்டு பழகிய நம் கண்கள் அந்த ஊரை அப்படியே எழுதிவைத்துவிட்டன. 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய கார்த்திகாவும் அதே கண்ணகி நகர்தான்.

இப்படம் சிறுவருக்கு உரியதன்று. பெரியவர்கள் காணலாம், காணும்போது நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம். ஏழையின் தெருவிலிருந்து எந்தப் படம் வரவேண்டுமென்று நாம் காத்திருக்கிறோம்? காயினிடம் ஆண்டவர் கேட்டது கொலையைப் பற்றியன்று, சகோதரனைப் பற்றி.