மாதிரி வகுப்பும் மறியலும்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் இன்னும் ஓயாத பேச்சாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் வருமுன்பே பணியில் சேர்ந்தவர்களானாலும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்றது அது. சிறுபான்மையினர் பள்ளிகள் குறித்த கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பி, அதுவரை அவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் இதன் விளைவு என்ன என்று பார்க்க வேண்டும். கிறித்தவத் திருமண்டலத்தின் டி.என்.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளியில் இருபது ஆண்டு பாடம் நடத்தியவருக்கு இப்போதைக்குத் தேர்வு இல்லை. அதே ஊரின் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அதே இருபது ஆண்டு நடத்தியவருக்கு உண்டு.

தீர்ப்பை ஒட்டி நாளிதழ்களின் நடுப்பக்கங்களிலும் கருத்தரங்குகளிலும் ஒரு வாதம் மறுபடி எழுந்து நடமாடுகிறது. ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் கூடுகிறவை, கற்பித்தலை மேம்படுத்துவது அவற்றின் வேலையல்ல, அதை அரசும் தொண்டு நிறுவனங்களும் பெருநிறுவன அறக்கட்டளைகளும் செய்துகொள்ளும் என்பது அந்த வாதம். சங்கத்தை வெறுப்பவர்கள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. சங்கத் தலைவர்களில் பலரே இதை ஒப்புக்கொண்டவர்கள்போல நடந்துகொள்வதுதான் வருத்தம். இந்தப் பிரிவினை பிழையானது, அண்மைக் காலத்தது. தூத்துக்குடிக் கடற்கரையாகிய முத்துக்குளித்துறையின் பள்ளி வரலாற்றையே எடுத்துப் பார்த்தாலும் அது தெரியும்.

தொடக்கத்தை விரைந்து கடந்துவிடலாம். 1542இல் வந்த சவேரியார் ஊர் ஊராகக் கணக்கப்பிள்ளைகளை அமர்த்திப் பிள்ளைகளுக்குச் செபம் கற்பிக்கச் செய்தார். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று பரதவர் கட்டிவந்த வரிப்பணத்தை அவர்களின் ஊதியத்துக்காகக் கேட்டு வாங்கினார். இந்தக் கடற்கரையில் கற்பிப்பவர்களின் சம்பளத்துக்காக எழுதப்பட்ட மனுக்களில் நாம் அறிந்தவற்றுள் மிகப் பழையது அதுவாகவே இருக்கும். பிறகு புன்னைக்காயலில் அன்றீக்கசு, சாயர்புரத்தில் போப், இடையன்குடியிலும் தூத்துக்குடியிலும் கால்டுவெல், நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர். இவர்கள் கட்டிய பள்ளிகளையும் பயிற்சிக்கூடங்களையும் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் அந்தப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் தனிக்குரல் கிடையாது. கிராமத்தில் உபதேசியாரே வாத்தியார். மாதம் ஒருமுறை மிஷன் தலைமையிடத்துக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் நாளில் வேதபாடமும் அறிவுரையும் கேட்டுத் திரும்புவார். பயிற்சியும் ஊதியமும் ஒரே கையிலிருந்து வந்தன. அந்தக் கைக்கு எதிராக ஒரு சொல் சொல்லும் இடம் எங்கும் இல்லை.

அந்த இடத்தை முதலில் உண்டாக்கியவை சங்கங்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருவான தென்னிந்திய ஆசிரியர் சங்கம் மாநாடு கூட்டியது, இதழ் நடத்தியது, பாடத்திட்டம் பற்றியும் தேர்வு முறை பற்றியும் அரசோடு வாதாடியது. அதன் பெருமையைக் குறைக்காமலே சொல்லலாம்: அது ஆங்கிலம் பேசிய, உயர்நிலைப் பள்ளிகளின் சங்கம். கோரல் மில் தொழிலாளர்கள் 1908இல் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்ற தூத்துக்குடியில்கூட, தொடக்கப் பள்ளி வாத்தியார் அந்தச் சங்கத்தின் மாநாட்டுப் பந்தலுக்கு வெளியேதான் நின்றிருப்பார்.

அவருக்கு வாய்த்தது வேறொன்று. இன்றைய கல்வியாளர்கள் அநேகமாக மறந்துவிட்டது. கல்வித் துறையே ஆய்வாளரின் சரகம்தோறும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி நடத்திய ஆசிரியர் சங்கக் கூட்டத்தைச் சொல்கிறேன். சுற்று வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடுவார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கே மாதிரி வகுப்பு எடுப்பார். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெழுதுவார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு விமர்சனம் தொடங்கும். கேள்வி கேட்ட முறை சரியா, கரும்பலகையை எப்படிப் பயன்படுத்தினார், கடைசி வரிசைப் பையனுக்குப் புரிந்ததா என்று பேச்சுப் போகும். ஆய்வாளர் இருக்கிறாரே என்ற அச்சம் அந்தக் கூட்டங்களில் இருந்தது. சம்பிரதாயமாக நடந்தவையும் உண்டு. ஆனாலும் விமர்சித்தவர் மறுநாள் தன் ஊரில் அதே பாடத்தை அதே வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தப் போகிறவர். அந்தச் சமநிலை வேறெந்தப் பயிற்சியிலும் கிடைக்காது. ஜப்பானில் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர்கள் பார்த்து ஆராயும் பாட ஆய்வு முறையை 1999க்குப் பிறகு உலகமே கொண்டாடுகிறது. நம் பயிற்சியாளர்களும் அதைப் படக்காட்சியில் காட்டுகிறார்கள். சாத்தான்குளத்திலும் விளாத்திகுளத்திலும் பாடம் நடத்தியவர்களுக்கு மாதிரி வகுப்பு அந்நியமானதல்ல என்பதை யாராவது அந்தப் பயிற்சியாளர்களுக்குச் சொல்ல வேண்டும்.

விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளில் இரண்டு ஓட்டங்கள் சேர்ந்து போயின. ஒன்று துறையின் முயற்சி. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோதும், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோதும் ஊரைத் திரட்டியவர்கள் ஆசிரியர்கள். மற்றொன்று மாஸ்டர் இராமுண்ணி போன்றவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியரை ஊர் ஊராகத் திரட்டிய இயக்கம். பாடத்தைப் பற்றிப் பேசும் கூட்டம் ஒரு பக்கம், பஞ்சப்படிக்கான ஊர்வலம் இன்னொரு பக்கம். இரண்டிலும் அதே முகங்கள்தான். 1966இல் உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் ஆசிரியர் நிலை குறித்துச் செய்த பரிந்துரை, கல்விக் கொள்கையை வகுப்பதில் ஆசிரியர் அமைப்புகளுக்கு இடம் வேண்டும் என்றது. அதே ஆண்டு கோத்தாரி கல்விக் குழுவும் ஆசிரியர் அமைப்புகளின் தொழில்சார் பணியை வலியுறுத்தியது. இரண்டையும் நம் சங்கங்கள் மேடையில் மேற்கோள் காட்டிய அளவுக்கு நடைமுறையில் பிடித்துக்கொள்ளவில்லை.

சம்பளப் போராட்டம் கற்பித்தலுக்குப் புறம்பானது என்பவர்கள் தனியார் பள்ளி, கல்லூரிகளின் வரலாற்றைப் படிக்க வேண்டும். தூத்துக்குடிப் பகுதியில் பள்ளிகளில் பெரும்பகுதி மிஷன்களும் சமூக அமைப்புகளும் தனிமனிதர்களும் நடத்தியவை. நிர்வாகி நினைத்தால் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருந்த காலத்தில், பாடநூலில் பிழை என்றோ, ஒரு சாதிப் பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைப்பது தவறு என்றோ எந்த ஆசிரியர் வாய் திறப்பார்? 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் சட்டமும் பணிப் பாதுகாப்புக்கு வழி செய்தன. கல்லூரிப் பக்கம் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமான மூட்டா அந்தப் பாதுகாப்பைக் காகிதத்திலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவரப் பாடுபட்டது. வாய் திறக்கும் ஆசிரியரை உருவாக்கியவை அந்த மறியல்களும் சிறைகளும். எந்தப் பயிற்சி முகாமும் அதைச் செய்துவிட முடியாது.

1986இல் ஒரு வாசல் மூடியது. அந்த ஆண்டு அக்டோபர் 20 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து, இன்று தூத்துக்குடி எனப்படும் சிதம்பரனார் மாவட்டம் பிறந்தது. பன்னிரண்டே நாளில், நவம்பர் 1 அன்று, சட்ட மேலவை கலைந்தது. மேலவையின் ஆசிரியர் தொகுதிகளில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு வாக்கில்லை என்பது அரசியலமைப்பின் 171ஆம் பிரிவிலேயே இருந்த அநீதி. இருந்தும், ஆசிரியர் பிரதிநிதி பாடத்திட்டம் பற்றியும் பாடநூல் பற்றியும் அமைச்சரை நேருக்கு நேர் கேட்கும் மன்றமாக அது இருந்தது. புதிய மாவட்டத்தின் ஆசிரியர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே வீதி மட்டுமே மிஞ்சியது. வீதியில் ஊதியத்தை முழக்கமாக்கலாம். நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் குறையை முழக்கமாக்க முடியாது.

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் மதிக்கும் காலம் அதற்கு அடுத்து வருகிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1990களின் முற்பகுதியில் மாவட்டம் மாவட்டமாகப் பரவிய அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் சங்கத்து ஆசிரியர்களை மாலை நேரத்தில் ஊருக்குள் அழைத்துப் போயின. உப்பளத்தில் நாளெல்லாம் நின்று வந்த பெண்ணுக்கு இரவு ஏழு மணிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் உதவாது. அவள் பேச்சிலிருந்து, கூலிக் கணக்கிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும். பாட்டு எழுத வேண்டும், நாடகம் போட வேண்டும், தோற்க வேண்டும், மறுநாள் உட்கார்ந்து ஏன் தோற்றது என்று பேச வேண்டும். இதை எந்த அதிகாரியும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. தென்மாவட்டங்களில் அறிவொளியில் ஊறிய ஆசிரியர்களின் பகல் வகுப்பறையே மாறியது. பேராசிரியர் ச. மாடசாமி கல்லூரி ஆசிரியர் இயக்கத்திலிருந்தும் அறிவொளியிலிருந்தும் வந்தவர். அவருடைய ‘எனக்குரிய இடம் எங்கே?’ போன்ற நூல்கள் அந்த அனுபவம் இல்லாமல் பிறந்திருக்க முடியாது. தமிழில் வகுப்பறையைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் சிறந்தவை அவை.

பிறகு 2003. ஏப்ரல் 1க்குப் பின் பணியேற்றவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ ஜூலை 2 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலோர் மீண்டும் பணிக்குத் திரும்பினார்கள். சங்கங்களின் நெஞ்சில் ஏறிய அச்சம் திரும்பவில்லை. அன்றிலிருந்து 2019 ஜனவரி வேலைநிறுத்தம் வரை அவற்றின் உயிர்மூச்செல்லாம் ஓய்வூதியத்தில் போனது. அந்தக் கோரிக்கை நியாயமானது. முப்பது ஆண்டு உழைத்தவர் முதுமையில் சந்தையின் ஏற்ற இறக்கத்தை நம்பி வாழ வேண்டியதில்லை. ஆனால் சங்கம் அந்தப் பக்கம் திரும்பி நின்ற வேளையில் வகுப்பறை கைமாறிவிட்டது.

கைமாறிய விதம் எல்லோரும் அறிந்ததே. மாநிலத்தில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டத்தார் வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வற்றி, கடைசியில் ஆசிரியருக்கு வருவது படக்காட்சியும் கையொப்பத் தாளும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் நல்ல உள்ளம் இருந்தது. ரிஷிவேலியிலிருந்து வந்த அட்டைகள் பிள்ளையை அதன் வேகத்தில் போகவிட்டன. ஆனால் வேம்பாரிலும் கழுகுமலையிலும் ஒரே கற்றல் ஏணி, ஒரே அட்டை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் இதே குணம் உண்டு. சங்கங்கள் என்ன கேட்டன? பயிற்சியை விடுமுறையில் வைக்காதே, ஈடுசெய் விடுப்புக் கொடு, பயணப்படி கொடு, எமிஸ் இணையதளப் பதிவைக் குறை. எல்லாம் சரியான கேள்விகள். இந்தப் பாடம் எங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்ற கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் பின்னுக்குப் போய்விட்டது.

உயர்கல்விக்கான ஊக்க ஊதியம் 2020 மார்ச்சில் ரத்தானது இந்தப் பிளவின் உச்சம். தபால் வழியில் எம்.ஏ.யும் எம்.எட்.டும் படித்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குக் கற்பதும் சம்பளமும் ஒன்றாகப் பிணைந்திருந்த ஒரே இடம் அது. ஒருமுறை மட்டும் தரும் தொகை பின்னர் அறிவிக்கப்பட்டது, அது ஈடாகாது. சங்கங்கள் இழப்பைப் பணமாகவே பேசின. ஆசிரியர் படிப்பதை அரசு இனி மதிக்கப்போவதில்லை என்று பேசியிருந்தால் பெற்றோரும் உடன் நின்றிருக்கக்கூடும்.

இன்றைய சங்க இதழ்களைப் பிரித்தால் அரசாணைகள், இயக்குநரின் செயல்முறைகள், முன்னுரிமைப் பட்டியல், கலந்தாய்வு அறிவிப்பு, பணி நிறைவுப் பாராட்டு விழாப் படங்கள். இவை தேவை, தன் உரிமை எது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். ஒரு பாடத்தை ஒருவர் எப்படி நடத்தினார் என்ற இரண்டு பக்கத்துக்கு இடம் இல்லாமல் போனதுதான் குறை. தொடக்கப் பள்ளிகளில் இத்தனை பெண்கள் பணியாற்றியும் மாவட்டப் பொறுப்புகளில் அவர்கள் அரிதாகவே இருப்பதும் இதோடு சேர்ந்தது. முதல் வகுப்பை நன்றாக அறிந்தவர்கள் மேடையில் இல்லாதபோது மேடையில் முதல் வகுப்பைப் பற்றிப் பேச்சு எழாது.

இந்தக் கடற்கரைக்கு மாநிலக் கையேடு போதாது என்பதற்கு அதிகம் தேட வேண்டியதில்லை. மணப்பாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொண்டல் எது, கச்சான் எது என்று தெரியும். அறிவியல் பாடத்தில் காற்று வரும்போது அந்த அறிவுக்கு என்ன இடம் என்று அங்கே கற்பிக்கிறவர்தான் சொல்ல முடியும். முத்துக்குளிப்பு 1961க்குப் பின் ஏன் நின்றது என்பது சூழலியலும் பொருளியலும் கலந்த அருமையான பாடம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வெள்ளத்தைக் கண்ட பிள்ளைகளுக்கு மழை அளவையும் ஆற்றுப் படுகையையும் எப்படிக் கற்பிப்பது என்பதை ஸ்ரீவைகுண்டத்து ஆசிரியரும் ஏரல் ஆசிரியரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். சென்னையிலிருந்து அது வராது.

தகுதித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது சங்கத்தின் உடனடிக் கடமை. உறுப்பினரின் வேலையைக் காப்பாற்றாத சங்கம் சங்கமல்ல. ஆனால் 2027இல் அந்தக் கெடு முடிந்த பின்னும் வகுப்பறை இருக்கும். குறுவள மையக் கூட்டங்களில் இரண்டில் ஒன்றின் நிரலை அந்த வட்டாரத்து ஆசிரியர்களே வகுக்க உரிமை கேட்க வேண்டும். மாதிரி வகுப்பை அதிகாரியும் மதிப்பெண்ணும் இல்லாமல் மீட்க வேண்டும். வானரமுட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் ஆண்டுத் திட்டத்தை முடிவு செய்யும் மேசையில் சங்கங்களுக்கு நாற்காலி வேண்டும். ஜாக்டோ ஜியோவின் கோரிக்கைப் பட்டியலில் இதற்கு முதல் வரி வேண்டாம். பழைய ஓய்வூதியத்துக்கு அடுத்த வரியில் இடம் பெற்றால் போதும்.