அறிகுறி பார்த்து மருந்து: கிளமிடியாவுக்குப் போதுமா?

காவிரி டெல்டாவின் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் சம்பா நடவு நேரத்தில் ஒரு பெண், வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வதே பெரிய காரியம். ஒரு நாள் கூலி போகும். வீட்டில் காரணம் சொல்லியாக வேண்டும். பெண் மருத்துவர் இருக்கும் நாளாகப் பார்க்க வேண்டும். அப்படி வந்தவரிடம், “சாம்பிள் கொடுத்துட்டுப் போங்கம்மா, ரிசல்ட்டுக்கு அடுத்த வாரம் வாங்க” என்றால் பெரும்பாலும் திரும்பி வர மாட்டார். அறிகுறியைப் பார்த்து அன்றைக்கே மருந்து கொடுத்து அனுப்பும் முறை இந்த உண்மையிலிருந்து பிறந்தது. அதைக் குறை சொல்லும் எவரும் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழியைப் பின்பற்றி நாக்கோ எனப்படும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஏழு நிறங்களில் ஏழு மருந்துப் பைகளைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இவை சுகவாழ்வு மையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாம்பல் நிறப் பையில் அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். முன்னது கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுக்கு, பின்னது மேகவெட்டைக்கு (கொனோரியா). இரண்டையும் செவிலியர் முன்னாலேயே ஒரே வேளையில் விழுங்கிவிடலாம். பச்சைப் பையில் பிறப்புறுப்பு அழற்சிக்கான செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும். மஞ்சள் பை அடிவயிற்றுத் தொற்றுக்கு. அதில் 14 நாள் மாத்திரைகள் உண்டு. ஆய்வகம் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட பிறகு, பால்வினை நோய்களை விரைந்து குணப்படுத்துவது உயிர்காக்கும் வேலையானது. புண்ணும் சீழும் இருக்கும் இடத்தில் எச்.ஐ.வி. எளிதாகத் தொற்றும். சிறுநீர்க் குழாயில் சீழ் வடியும் ஆணுக்கு இந்த முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

பெண்ணிடம் வரும்போதுதான் அது தடுமாறுகிறது. வெள்ளைப்படுதலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் கிளமிடியா அல்ல. யோனியின் இயல்பான நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்திருக்கும், அல்லது பூஞ்சை. கருப்பை வாயை ஸ்பெக்குலம் வைத்துப் பார்த்து எந்தப் பை என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது வழிகாட்டி. திரைச்சீலை இல்லாத அறையில், வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, அந்தப் பரிசோதனை நடக்காமல் போவது அதிசயமில்லை. பார்க்க முடியாவிட்டால் சாம்பல், பச்சை இரண்டு பைகளையும் கொடு என்பதே விதி. விளைவு, கிளமிடியாவோ மேகவெட்டையோ இல்லாத பெண் இரண்டு வலுவான ஆன்டிபயாடிக்குகளை விழுங்குகிறார். கூடவே, “வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க” என்ற சொல்லையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார். மாத்திரையால் கிருமிகளின் மருந்து எதிர்ப்பு வளர்கிறது. அந்தச் சொல்லால் வீட்டில் என்ன வளரும் என்பதை எந்தப் பதிவேடும் குறித்துவைப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. கிளமிடியா தொற்றிய பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வலி இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை, ஆகவே மருத்துவமனைக்கும் வருவதில்லை. கிருமியோ கருப்பை வழியே ஏறிக் கருக்குழாயில் தழும்பை உண்டாக்குகிறது. சில ஆண்டுகள் கழித்து, குழந்தை இல்லை என்று கருக்குழாய் எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் அடைப்பு தெரிகிறது. அல்லது கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகிறது. நம் நாட்டில் காசநோயும் கருக்குழாயை அடைக்கிறது என்பதால் எல்லாப் பழியையும் கிளமிடியா மேல் போடக் கூடாது. ஆனால் ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் ஒரு வாரத்தில் குணமாகியிருக்கக்கூடிய நோய் இது. முறையீட்டிலிருந்து தொடங்கும் வைத்தியத்தால், முறையிடாதவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. எத்தனை நிறத்தில் பை அச்சடித்தாலும் இந்தக் குறை தீராது.

அதற்காக எல்லோருக்கும் பரிசோதனை என்று கிளம்புவதையும் நான் ஏற்கவில்லை. இங்கிலாந்து 2003-இல் இளைஞர்கள் அனைவருக்கும் கிளமிடியா பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 2021-இல் நோக்கத்தைச் சுருக்கி, பாதிப்பை அதிகம் சுமக்கும் இளம்பெண்களின் பக்கம் திரும்பியது. பணக்கார நாடே அப்படித் தேர்ந்தெடுத்தபோது, டெல்டாவில் நாம் இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கணிப்பில் முதலிடம் கர்ப்பிணிகளுக்கு. எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் அவர்களுக்கு ஏற்கெனவே ரத்தம் எடுக்கிறோம். தாய்க்குக் கிளமிடியா இருந்தால் பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தையின் கண் சிவந்து சீழ் வடியும். பின்னர் நிமோனியாவும் வரலாம். அடுத்த இடம் அடிவயிற்று வலியோடும் குழந்தையின்மையோடும் வருபவர்களுக்கு.

கருவி ஒன்றும் எட்டாத பொருளல்ல. காசநோய்க்குச் சளி பரிசோதிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்திலேயே வேறு கார்ட்ரிட்ஜ் போட்டால் கிளமிடியாவையும் மேகவெட்டையையும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிவிடும். கார்ட்ரிட்ஜ் விலை அதிகம் என்பது உண்மையான தடை. மாநில அரசு மொத்தமாக வாங்கிப் பேரம் பேச வேண்டிய இடம் அது. மாதிரிக்கு ஸ்பெக்குலமும் தேவையில்லை. கழிப்பறைக்குள் போய்ப் பெண்ணே பஞ்சுக் குச்சியால் எடுத்துத் தரும் மாதிரி, மருத்துவர் எடுப்பதற்கு இணையானது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூச்சத்தாலேயே திரும்பிப் போகும் நம் ஊர்ப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! 2021-இல் உலக சுகாதார நிறுவனமே, அன்றைக்கே முடிவு தரும் தரமான பரிசோதனை இருக்கும் இடத்தில் அதைச் செய்துவிட்டு மருந்து கொடுங்கள், இல்லாத இடத்தில் அறிகுறி முறையைத் தொடருங்கள் என்று சொல்லிவிட்டது.

மருந்திலும் ஒரு கணக்கு உண்டு. ஒரே வேளை அசித்ரோமைசினைவிட, நாளுக்கு இரண்டு முறை 100 மில்லிகிராம் வீதம் ஏழு நாள் டாக்சிசைக்ளின் கிளமிடியாவை நன்றாக ஒழிக்கிறது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அசித்ரோமைசினே உரியது. ஏழு நாள் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டிய வீட்டில் ஒரே வேளை மருந்துதான் நடக்கும் என்றால், அதைக் கொடுப்பதே சரி.

கணவருக்கும் சேர்த்து மருந்து போகாவிட்டால் இத்தனையும் வீண். தொற்று அவரிடமிருந்தே திரும்பி வரும். இருவரும் மருந்து எடுத்து ஏழு நாள் உறவைத் தவிர்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும், அதற்குப் பின்னும் ஐயம் இருந்தால் ஆணுறை. இதைச் சொல்லும் ஆலோசகர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்தக் கிருமி சத்தமில்லாமல் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் உடலில் இருக்கக்கூடியது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.