நாஞ்சில் நாட்டுத் தைப்பொங்கல்: பாணிகளும் ஒழுங்கும்

தைப்பொங்கல் அறுவடைத் திருநாள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தஞ்சைக்கு அது பொருந்தும். அங்கே சம்பா அறுப்பு தையை ஒட்டி வருகிறது. ஆனால் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் தை முதல் நாள் காலையில் பழையாற்றுப் பக்கம் போய்ப் பார்த்தால் வயலில் பயிர் பச்சையாக நிற்கும். இங்கே இருபூச் சாகுபடியில் முதல் போகமான கன்னிப்பூ ஆவணி, புரட்டாசியிலேயே களத்துக்கு வந்துவிடும். இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கு மாசியில்தான் அரிவாள் விழும். 1906இல் பயன்பாட்டுக்கு வந்த பேச்சிப்பாறை அணையை ஜூன் முதல் தேதி திறந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பது வழக்கம். அதனால் ஜனவரி நடுவில் வரும் நம் பொங்கல் தண்ணீர் பாயும் காலத்திலேயே, இரண்டு அறுப்புக்கும் இடையிலேயே வருகிறது.

கதிருக்கு நன்றி சொல்ல இங்கே தனியாக ஒரு நாள் இருக்கிறது. ஆடியில் சுசீந்திரம், கன்னியாகுமரி உள்ளிட்ட கோயில்களில் நிறைபுத்தரிசிப் பூசை நடக்கும். புதுக் கதிர்க் கட்டுகளைச் சன்னிதியில் வைத்துப் பூசித்து, வந்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். கதிர்ப் பூசை ஆடியில் கோயிலுக்குள் முடிந்துவிடுவதால், தை முதல் நாள் முழுவதும் சூரியனுக்கே உரியது. நாஞ்சில் பொங்கலின் தனித்தன்மை இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

மற்ற நாடுகளின் பாணிகளோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். சோழநாட்டுப் பாணியில் புதுநெல் முதன்மை. பானைக் கழுத்தில் இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் கட்டாயம். கொங்கு நாட்டுப் பாணி மார்கழிக் கடைசியில் காப்புக் கட்டித் தொடங்குகிறது. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வீட்டிலும் வயலிலும் செருகுவார்கள். அங்கே சூரியப் பொங்கலைவிட மாட்டுக்கு வைக்கும் பட்டிப்பொங்கலுக்கே மவுசு. மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளைக்கு முதலிடம்: தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். நாட்டரசன்கோட்டை நகரத்தார் தைப்பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரோடு கூடிச் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் முற்றத்தை மெழுகி, உலக்கையை வைத்து மாவால் சதுரக் கோலம் போட்டு, அதற்குள் அடுப்பு மூட்டிப் பொங்குவார்கள். பானை பொங்கும்போது வெடி வெடிக்கும். அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டியும் உண்டு.

தாமிரபரணிக் கரையிலிருந்து குமரி வரை தெற்கத்திப் பாணி. இதன் முதல் அடையாளம் பனை. அடுப்பெரிக்கக் காய்ந்த பனையோலை, படைக்கப் பனங்கிழங்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் பொங்கல்படியிலும் கரும்பு, மஞ்சள் குலையோடு பனங்கிழங்குக் கட்டு இருக்கும். நெல்லைச் சிறுமிகள் மார்கழி முழுவதும் வாசலில் பூ வைத்த சாணிப் பிள்ளையாரை எடுத்துக் காயவைத்து, தையில் சிறுவீட்டுப் பொங்கலிட்டு ஆற்றில் விடுவது இந்தப் பாணியின் இன்னொரு கிளை.

நாஞ்சில் வீடுகளில் பொங்கலுக்கு என்ன ஒழுங்கு? முதலாவது இடம். கூரைக்கு வெளியே, கிழக்கு தெரியும் முற்றத்தில் அடுப்பு போட வேண்டும். இரண்டாவது நேரம். வெயில் ஏறுவதற்குள் பானை பொங்க வேண்டும். பொங்கும்போது பெண்கள் குரவையிட வேண்டும். மூன்றாவது இலை. குத்துவிளக்கு, நிறைநாழி நெல், தேங்காய், பழம், இவற்றோடு சேனை, சேம்பு, காய்ச்சில், சிறுகிழங்கு, வள்ளிக்கிழங்கு என்று மண்ணுக்கடியில் விளைந்ததெல்லாம் தலைவாழை இலைக்கு வரும். மண்ணுக்குள் இருட்டில் வளர்ந்ததை வெயிலுக்குப் படைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நெல் களத்துக்கு வராத மாதத்தில் தோட்டத்து விளைச்சல்தான் கையில் இருக்கும், அதையே கொடுக்கிறோம். மத்தியானம் அந்தக் கிழங்குகளே குழம்பாகும். மிஞ்சியதைச் சுண்டவைத்த சுண்டக்கறியும், தண்ணீர் ஊற்றிய பழைய பொங்கலும் மறுநாள் காலைக்கு.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்த மண் இது. ஆகவே இன்னொரு பொங்கலும் நமக்கு உண்டு. மாசியில் திருவனந்தபுரம் ஆற்றுக்காலில் பெண்கள் தெருவெல்லாம் அடுப்புக் கூட்டி அம்மனுக்குப் பொங்கலிடுகிறார்கள். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டிலும் பொங்கல் உண்டு. இந்தக் கோயில் பொங்கல்களுக்கு நேர்ச்சையும் கூட்டமும் முக்கியம். தைப்பொங்கலுக்கு வீடும் குடும்பமும் முக்கியம். ஆற்றுக்கால் பொங்கலுக்குக் கோயில் அடுப்பில் மூட்டிய தீ கைமாறி வர வேண்டும். தைப்பொங்கலுக்குச் சூரியன் உதித்தால் போதும், யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே கைகள் செய்கின்றன, குழப்பிக்கொள்ளாமல் செய்கின்றன.

மண்பானை போய் வெண்கலம் வந்தது, வெண்கலம் போய் எவர்சில்வர் வந்தது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பனையோலை கிடைக்காத வீட்டில் விறகு எரிந்தாலும் குறையில்லை. ஆனால் குக்கரில் வைத்தால் பொங்கி வழியாது; விசில்தான் வரும். அடுக்களைக்குள் கேஸ் அடுப்பில் வைத்தால் பொங்கும், ஆனால் யாருக்காகப் பொங்குகிறதோ அவர் பார்க்க முடியாது. பாத்திரமும் எரிபொருளும் காலத்துக்கேற்ப மாறலாம். வெட்டவெளியும், பொங்கி வழிவதும், இலையில் நம் மண்ணின் கிழங்கும் மாறக் கூடாதவை. மாடி வீட்டில் இருப்பவர்கள் மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்தாலும் இந்த மூன்றும் நிறைவேறும். அதற்குமேல் கேட்பது ஆடம்பரம்; அதற்குக் கீழே இறங்கினால் அது வெறும் சர்க்கரைச் சோறு.