இலை குடிப்பதும் நெல் செரிப்பதும்

கார்த்திகை மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் காட்டினால் போதும். தன்னாமுனையில் நின்று மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் பார்த்தால் தெரியும் படுவான்கரை நெல்வயல் வட்டைகளில், மருந்து டாங்கிகள் முதுகில் ஏறிவிடும். புல்லெண்ணெய், அதாவது களைநாசினி, பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பதுதான் அடுத்த ஒரு கிழமைக்கு வரம்பில் நடக்கும் பேச்சு. பிடிக்காவிட்டால் கடைக்காரரைக் குறை சொல்வோம், கொம்பனியைச் சந்தேகிப்போம், அடுத்த முறை மூடியில் கொஞ்சம் கூட்டி ஊற்றுவோம். இலைக்குள் என்ன நடந்தது என்று கேட்பவர் குறைவு. கேட்டிருந்தால் நம் களைநாசினிப் பாவனையின் பலமும் பழுதும் ஒரே இடத்தில் இருப்பது தெரிந்திருக்கும்.

களைநாசினி புல்லுக்குள் போகும், நெல்லுக்குள் போகாது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் குடிக்கின்றன. வேர், முளை, இலை என்று வாசல்கள் மாறலாம். அளவில் கூடுதல் குறைவும் இருக்கலாம். ஆனால் வயலில் நெல் பிழைப்பது குடிக்காததால் அல்ல, குடித்ததைச் செரித்துவிடுவதால். தெளிப்புத் தொழிலின் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

முதலில் வாசலைப் பார்ப்போம். இலையின் மேல் மெழுகு படிந்த புறத்தோல் இருக்கிறது. செடி தன் நீரை இழக்காமலிருக்கப் போட்டுக்கொண்ட உறை அது. வெளியிலிருந்து வரும் நீரையும் அதுவே தடுக்கிறது. நெல்லின் இலையும் வயற்களையான கோழிச்சூடன் புல்லின் இலையும் நிமிர்ந்து, ஒடுங்கி, மெழுகு பூசியவை. வெறும் தண்ணீர் அவற்றில் உருண்டையாகத் திரண்டு சரிந்துவிடும். அகன்ற இலைக் களைகள் கிடையாக விரிந்து துளியை ஏந்திக்கொள்வதால் அவற்றைக் கொல்வது எளிது. அதோடு புல்லின் வளர்முனை அடியில் இலையுறைக்குள் ஒளிந்திருக்கிறது. மேல் இலை கருகினாலும் கீழிருந்து மறுபடி துளிர்ப்பது இதனால்தான்.

மருந்துடன் கலக்கும் ஒட்டுப்பசை இங்கேதான் வேலை செய்கிறது. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். அதை 30 அளவுக்கு இறக்கினால் துளி தட்டையாகப் பரந்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்த் தன்மையுள்ள எஸ்டர் வகை மருந்துகள் மெழுகைக் கரைத்துக்கொண்டு விரைவில் உள்ளே போகும். நீரில் கரையும் உப்பு வகைகளுக்கு நேரம் எடுக்கும். துளி காய்ந்துவிட்டால் நுழைவு பெரும்பாலும் நின்றுவிடும். இலைவாய் வழியாக மருந்து இறங்குகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த வழியில் போவது சிறு பங்குதான். இளம் இலையின் புறத்தோல் மெல்லியது, முற்றிய இலையினது தடித்தது. இரண்டு மூன்று இலைப் பருவத்தில் அடியுங்கள் என்று விவசாயப் போதனாசிரியர் சொல்வதற்குக் காரணம் இது. அறிவுரையைச் சொல்கிறோம், காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் தெரியாத அறிவுரை ஆள் கிடைக்காத வாரத்திலேயே காற்றில் போய்விடுகிறது.

தண்ணீரின் குணமும் கணக்கில் வரும். வாய்க்காலில் அள்ளிய கலங்கல் நீரில் கிளைபோசேற்றைக் கலந்தால், அதன் ஒரு பங்கு களித்துகள்களோடு டாங்கிக்குள்ளேயே பிணைந்துவிடும். கல்சியம், மக்னீசியம் கூடிய கிணற்று நீரும் அதைக் கட்டிப்போடும். கலங்கல் நீரில் கலந்து அடித்துவிட்டு மருந்து போலி என்று சொல்வது நியாயமல்ல. போலி மருந்து சந்தையில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் தோல்விக்கு அது காரணமல்ல என்கிறேன்.

உள்ளே போன பிறகு நடப்பது இன்னும் நுட்பமானது. சில மருந்துகள் தொட்ட இடத்தை மட்டும் எரிக்கும். புரொப்பனில் பெரும்பாலும் அப்படி. சில காழ் வழியாக நீரோட்டத்தோடு மேலே ஏறும். சில உரியம் வழியாக, இலை சமைத்த சர்க்கரையோடு வேருக்கும் கிழங்குக்கும் இறங்கும். எம்சிபிஏ போன்ற மென்னமிலங்கள் உரியத்துக்குள் சேருவதற்கு ஒரு காரணம் உண்டு. கலத்துக்கு வெளியே பிஎச் சுமார் 5.5, அங்கே அவற்றின் ஒரு சிறு பங்கு மின்னேற்றமின்றி இருக்கும், அந்த வடிவில் மென்சவ்வைக் கடக்கும். உரியத்துக்குள் பிஎச் 7.5க்கு மேல்; அங்கே போனதும் மின்னேற்றம் பெற்று, திரும்பி வரமுடியாமல் சிக்கிவிடும். கிளைபோசேற்றும் சர்க்கரை ஓடும் திசையிலேயே போகிறது. அதனால் வரட்சியில் வாடி நிற்கும் கோரையில் அதை அடித்துப் பயனில்லை. சர்க்கரை ஓடாத செடியில் மருந்தும் ஓடாது, இலை காய்ந்து கிழங்கு தப்பிவிடும்.

இனி நெல். 1960களில் உலகச் சந்தைக்கு வந்த புரொப்பனில், நம் கடைகளில் ‘3,4 டிபிஏ’ என்ற பெயரில் பல காலம் விற்றது. அதை நெல்லும் குடிக்கிறது, கோழிச்சூடனும் குடிக்கிறது. இரண்டிலும் அது ஒளித்தொகுப்பைத் தடுக்கிறது. ஆனால் நெல் இலையில் அரைல் அசைலமிடேஸ் என்ற நொதியம் நிறைய இருக்கிறது. அது மருந்தை உடைத்துச் செயலிழக்கச் செய்கிறது. நெல் சில நாளில் தேறிவிடும், புல் கருகிவிடும். விதைத்த சில நாளில் அடிக்கும் பிரெட்டிலாகுளோர் முளைக்கும் குருத்திலும் வேரிலும் நுழைகிறது. முளைநெல்லையும் அது பதம் பார்த்துவிடும் என்பதால் ஃபென்குளோரிம் என்ற காப்புப் பொருளைச் சேர்த்து விற்கிறார்கள். மருந்தை நெல் விரைவாகச் சிதைக்க அது உதவுகிறது. பிஸ்பைரிபாக் சோடியத்தை நெல் வேறு நொதியங்களால் சமாளிக்கிறது. எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான்: வாசல் பொது, செரிமானம் வேறு.

இந்த அறிவியலின் பயனை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். மட்டக்களப்பில் நாற்று நடுவது அருமை, வீச்சு விதைப்பே வழக்கம். வரிசையில்லாத வயலில் களை இழுக்கும் கருவி ஓட்ட முடியாது; கையால் பிடுங்கினால் புல்லோடு நெல்லும் வரும், கோழிச்சூடன் இளமையில் நெல்லைப் போலவே இருப்பதால் கண்ணும் ஏமாறும். ஏக்கர் கணக்கில் குனிந்து பிடுங்கிய பெண்களின் முதுகு வலிக்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. அந்த உழைப்பை ஒரு காலைப் பொழுதாகச் சுருக்கியது களைநாசினி. 2021 மே மாதம் இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டபோது, நம் வேளாண்மை எவ்வளவு தூரம் இதில் சாய்ந்திருக்கிறது என்று நாடே கண்டது. அந்த 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேல் விழுந்தது. முதன்மைக் காரணம் உரம்தான் என்றாலும், புல் மூடிய வயல்களும் அந்த இழப்பில் சேர்த்தி.

பலம் இருக்கும் அதே இடத்தில் பழுதும் இருக்கிறது. நெல்லைக் காப்பது ஒரு நொதியம் என்றால், அந்த நொதியத்தை முடக்கும் எதுவும் நெல்லுக்குப் பகை. ஓர்கனோபொஸ்பேற்று, காபமேற்று வகைப் பூச்சிநாசினிகள் புரொப்பனிலை உடைக்கும் நொதியத்தைத்தான் முடக்குகின்றன. கூலி மிச்சம் என்று பூச்சி மருந்தையும் புரொப்பனிலையும் ஒரே டாங்கியில் கலந்து அடித்தவர் வயலில் நெல் நுனியிலிருந்து கருகிக் காய்ந்தது இதனால்தான். இரண்டுக்கும் நடுவே இரு கிழமை இடைவெளி வேண்டும் என்பது போத்தலிலேயே இருந்த எச்சரிக்கை, வாசிக்க முடியாத சிறிய எழுத்தில்.

அளவைக் கூட்டுவதும் இதே தவறுதான். செரிமானத்துக்கு எல்லை உண்டு. ஒன்றரை மடங்கு ஊற்றினால் புல்லும் நெல்லும் ஒன்றாகக் கூடுதலாகக் குடிக்கின்றன. இடையிலுள்ள வேறுபாடு அகலுவதில்லை, நெல்லின் பாதுகாப்புத்தான் ஒடுங்குகிறது. காலம் தாழ்ந்து, ஐந்தாறு இலை விட்ட புல்லுக்கு அடிப்பவருக்குக் கூட்டி ஊற்றுவதைத் தவிர வழி தெரிவதில்லை. அரைகுறையாகப் பட்டுத் தப்பிய புல்தான் அடுத்த போகத்துக்கு விதை சிந்துகிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே இணையாசிரியருடன் 2002இல் வெளியிட்ட ஆய்வு, புரொப்பனிலுக்கு அடங்காத கோழிச்சூடன் இலங்கையில் இருப்பதைப் பேசியது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் அதே எதிர்ப்பைப் பெற்ற கோழிச்சூடனை ஆராய்ந்தபோது, நெல்லின் அதே நொதியம் அந்தப் புல்லிலும் கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. ஒரே மருந்தைப் போகத்துக்குப் போகம் அடித்து, நெல்லின் செரிமானத்தை நாமே புல்லில் தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டோம்.

இந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லை பன்றி நெல். 1990களில் அம்பாறைப் பக்கம் கவனத்துக்கு வந்து பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவிய இந்தக் களை, பயிர் நெல்லின் அதே இனம். குடிப்பதும் ஒன்று, செரிப்பதும் ஒன்று. வளரும் நெல்லை விட்டு அதை மட்டும் கொல்ல நம் கடையில் போத்தல் இல்லை. களைநாசினி தாங்கும் நெல்லினம் செய்து இதைத் தீர்க்க அமெரிக்காவில் முயன்றார்கள்; சில ஆண்டுகளிலேயே மகரந்தம் வழியாக அந்தத் தாங்கும் குணம் களைநெல்லுக்கும் போய்ச்சேர்ந்தது. சுத்தமான விதைநெல்லும், முதல் மழையில் முளைக்கவிட்டு உழுது அழிப்பதும் தவிர உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

குடிப்பவை வயலோடு முடிந்துவிடுவதில்லை. இலைக்கு அடிக்கும் மருந்துக்கு வயல் நீரை வடிக்க வேண்டும், அடித்து ஓரிரு நாளில் மீண்டும் கட்டி வைக்க வேண்டும். கட்டும் நாளில் மழை கொட்டினால் வரம்பு மேவி, வடிச்சல் வாய்க்கால் வழியாக எல்லாம் வாவிக்கு வருகிறது. முகத்துவாரம் மூடியிருக்கும் காலத்தில் வந்த நீர் விரைவில் கடலுக்குப் போவதுமில்லை. வாவியின் பாசிக்கு மெழுகுறை இல்லை, நீருக்குள் வளரும் தாவரங்களுக்கு அது மிக மெல்லியது. உடல் முழுவதும் வாசல்தான். ஒளித்தொகுப்பைத் தடுக்கும் மருந்து அவற்றையும் தடுக்கும். இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அந்தத் தாவரங்களுக்கு நடுவே. தன்னாமுனைக் கரையில் வீச்சுவலையோடு இறங்குபவர் படுவான்கரை வயற்சொந்தக்காரரான போடியாரின் தெளிப்பு முடிவில் பங்காளி. அவரை யாரும் கேட்பதில்லை.

நாட்டின் கொள்கையோ போத்தலைச் சுற்றியே ஓடியது. பரகுவாட் களைநாசினியைப் படிப்படியாக நிறுத்தும் முடிவு 2008இல் எடுக்கப்பட்டு 2011க்குள் நிறைவேறியது. உயிர்களைக் காத்த அந்த முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். கிளைபோசேற் 2015இல் தடைப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திறக்கப்பட்டு, 2022இல் தடை நீங்கியது. தடை இருந்தபோதும் நீங்கியபோதும், எந்தப் பருவத்தில், எந்த நீரில், எந்த மருந்துக்குப் பின் எந்த மருந்து என்ற கேள்வி வயலுக்கு வந்து சேரவில்லை.

அதற்குரிய இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் தீர்மானமாகின்றன. வயற்கண்டத்துக்குக் கண்டம் நீர் வடிக்கும் நாளும், தெளித்தபின் நீர் கட்டும் நாளும் அங்கேயே முடிவாகலாம். உன்னிச்சை, ரூகம் குளங்களில் வாய்க்கால் திறக்கும் முறை அதற்கு இசையாவிட்டால், இரண்டு இலைப் பருவத்தில் அடிக்கச் சொல்வது வெறும் பேச்சு. கோழிச்சூடன் நாற்று நின்ற நீருக்கடியிலிருந்து மேலெழச் சிரமப்படும். மட்டமாக்கிய வயலில் காலத்துக்கு நீர் கிடைத்தால் களை பெருமளவு தலைதூக்காமலே போகும், டாங்கியின் வேலையும் குறையும். மருந்து வகையைப் போகத்துக்குப் போகம் மாற்றும் பட்டியலை வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடமும் கமநல சேவை நிலையங்களும் சேர்ந்து தயாரித்து, வட்டைக்குப் பொறுப்பான விதானையிடம் பெரிய எழுத்தில் கொடுக்கலாம். அந்தக் கூட்டத்தில் வாவி மீனவர் சங்கத்துக்கும் ஓர் ஆசனம் வேண்டும்.